முந்திரி போடாத முதல் தட்டு

முதல் தட்டு பிஸ்கட்டை ஓவனிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்ததுதான் தாமதம், அவள் கணவர் வாசனை பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். வீட்டுக்குள்ளும் ஹாரன் அடிக்காத குறையாகத்தான் நடமாடுவார். ஒன்றை எடுத்து, சூடு தாங்காமல் கைமாற்றிக் கைமாற்றி ஊதித் தின்றார்.

"முந்திரி எங்கடி?"

அப்போதுதான் அவள் தட்டைக் குனிந்து பார்த்தாள்.

வருடக் கடைசி விடுமுறை வந்துவிட்டால் பிஸ்கட் சுட்டு, வேண்டியவர்களுக்கெல்லாம் டப்பா டப்பாவாகக் கொடுப்பது அவள் வழக்கம். தம்பி வீட்டுக்கு, நாத்தனாருக்கு, அவள் வேலை பார்க்கும் கிளினிக்கின் பல் டாக்டருக்கு. முந்திரியை நுணுக்கித் தாராளமாகப் போடுவாள். மாப்பிள்ளைக்கு மட்டும் கிடையாது. மகளுக்குக் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு உதடு வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அதற்குப் பிறகு, பாத்திரத்தில் முந்திரி படுவதற்கு முன்பே அவர் பங்கு தனியாக வெந்துவிடும்.

அந்த மாப்பிள்ளையும் மகளும் போன மழைக்காலத்தில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்டார்கள். மகள் பெட்டியோடு திரும்பி வந்து தன் பழைய அறையில் இருக்கிறாள். இதெல்லாம் அம்மாவின் மண்டைக்குத் தெரியும், பாழாய்ப்போன கைக்குத்தான் தெரியவில்லை.

"இன்னும் மாப்பிள்ளை உபசாரம் முடியலையா?"

"கத்தாதீங்க. ஏதோ பழக்கத்துல செஞ்சுட்டேன்."

"அவ வந்து பாத்தா என்ன நினைப்பா? பெத்தவளே அந்தப் பக்கம்தான்னு நினைக்க மாட்டா?"

அவளுக்கும் அதுதான் பயம். திரும்பி வந்த அன்றைக்கு மகள் கேட்டது ஒன்றே ஒன்று. "நீயாவது என் பக்கம் இரும்மா." இருக்கிறேன் என்றாள். பொய் சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளையாக வந்த, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அந்தப் பையனை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். வேலை முடிந்து களைத்து வந்தாலும், கையில் இருக்கும் கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கேட்காமலேயே பாத்திரம் துலக்கித் தருவான். மகள் போட்ட கையெழுத்தில் அம்மாவுடைய பாசமும் சேர்ந்து ரத்தாகிவிடுமா என்ன?

மகள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வரும் நேரமாகிவிட்டது. அம்மா ஜன்னலுக்கும் ஓவனுக்குமாக நடந்தாள். பிஸ்கட்டை டப்பாவில் போட்டு மாவு டின்னுக்குப் பின்னால் ஒளித்தாள். திருடி மாதிரி இருந்தது. வெளியே எடுத்தாள். கணவரிடமே நீட்டினாள். "சுகர்காரனைக் கொல்லப் பாக்குறியா?" என்று கையெடுத்துக் கும்பிட்டு ஹாலுக்குப் போய்விட்டார். கடைசியில் ஒரு யோசனை வந்தது. சர்க்கரைப் பாகு காய்ச்சி, பாதி பாதியாக உடைத்த முந்திரியை ஒவ்வொன்றின் மேலும் ஒட்ட ஆரம்பித்தாள். பாகு பதத்துக்கு வரவில்லை. ஒன்று ஒட்டினால் ஒன்று வழுக்கியது.

கடைசி முந்திரியை அழுத்திக்கொண்டிருந்தபோது மகள் தோள்பையோடு நேரே சமையலறைக்கு வந்தாள். தட்டையே பார்த்தாள். ஒன்றை எடுத்ததும் முந்திரி கழன்று தரையில் விழுந்து உருண்டது.

"இந்த வருஷம் புது மாதிரி பண்ணிப் பாத்தேன்டி" என்றாள் அம்மா. சொல்லும்போதே முகம் காட்டிக்கொடுத்தது.

மகள் பிஸ்கட்டைப் பிட்டு உள்ளே பார்த்தாள். வெறும் மாவு.

"எல்லாத்து மேலயும் ஒட்டிட்டியா?"

"ம்."

"போச்சு. இனி இது அவருக்கு ஆகாது."

"கை தன்னால செஞ்சுடுச்சுடி. உன்னை விட்டுக்கொடுத்துட்டு நான்..."

"தெரியும்மா."

கோபமா, அழுகையா, குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. மகள் பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். மேடையை ஒருமுறை பார்த்துவிட்டு, மாவு பிசைந்த பாத்திரத்தை எடுத்துத் தொட்டியில் போட்டுச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அலசி, முந்திரி வாடை இருக்கிறதா என்று மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் சோப்புப் போட்டாள்.

"முந்திரி போட்டாச்சா?" ஹாலிலிருந்து குரல் வந்தது.

அம்மா வெண்ணெய்க் கட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். பிரிக்கவா, ஃப்ரிட்ஜுக்குள் திருப்பி வைக்கவா? மகளின் முதுகையே பார்த்தாள். உள்ளங்கைச் சூட்டில் காகிதத்துக்குள் வெண்ணெய் இளகிக்கொண்டிருந்தது. மகள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டு, முந்திரி ஒட்டிய அந்த ஒரு பிஸ்கட்டைத் தொட்ட தன் விரல்களை, நகக்கண் விடாமல், ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தாள்.