மாதா கோயில் கோடு

எர்சீலியோ மூன்றாவது தடவையாகச் சர்க்கரைக் கிண்ணத்தை மேசை ஓரத்துக்கு நகர்த்தியபோது, குறிப்பெழுதிக்கொண்டிருந்த ஒர்னெல்லா பேனாவை மூடிவிட்டாள். சர்க்கரைக் கிண்ணம்தான் மாதா கோயில். காப்பிக் கோப்பை ஊற்றுத்தொட்டி. நடுவில் கிடந்த கரண்டி, சல்வானோவுக்கு ஏறி வரும் மலைப்பாதை. ஊர் நூலகத்தின் மாடி அறையில் நான்கு வாரமாக இதே கிண்ணமும் கோப்பையும்தான்.

“கோடு மாதா கோயில்கிட்டதான் இருந்துச்சு. அங்கதான் இருக்கணும்,” என்றார் ரொட்டிக்கடை எர்சீலியோ.

“அது பழைய போட்டிடா. இது புதுசு. ஊற்றுத்தொட்டில முடியட்டும்,” என்றார் குவால்தியேரோ. மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் இந்த வருட மலையேற்றக் கார் போட்டிகளின் பட்டியலில் சல்வானோ இல்லை. கடைசி இரண்டு வளைவுகளில் பாதுகாப்புக்கு வைக்கோல் கட்டு அடுக்க வேண்டிய நிலம் இந்த இருவருடையது. இரண்டு கையெழுத்தும் இல்லாமல் பாதையை அடைக்க அனுமதி கிடைக்காது. முடிவுக் கோடு எங்கே என்று தெரியாமல் இருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

கோட்டில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். எண்பத்து நான்கில் நடந்த கடைசிப் போட்டியில் எர்சீலியோ ஜெயித்தார், மூன்று நிமிடம் நாற்பத்தொன்று புள்ளி இரண்டு. குவால்தியேரோவுக்கு அதைவிட அரை நொடிகூட அதிகமில்லை. அடுத்த குளிர்காலத்தில் கீழ்ப்பாலம் மழையில் போனது. அதைக் கட்டி முடிப்பதற்குள் ஊரின் சூடு ஆறிப்போயிருந்தது. அந்த எண்ணைச் சட்டம் போட்டு எர்சீலியோ அடுப்புக்கு மேல் மாட்டியிருக்கிறார். கோடு இடம் மாறினால் அது வெறும் சட்டம். மாறாவிட்டால் குவால்தியேரோ இன்னும் ஒரு ஆயுளுக்கு இரண்டாவது.

ஒர்னெல்லாவுக்கு அந்த எண் முக்கியமில்லை. அந்த வருடம் அவளுக்குப் பத்தொன்பது வயது. சித்தப்பாவின் சிறிய ஃபியட் காரைப் போட்டியில் ஓட்டப் பெயர் கொடுக்கப் போனாள். பெயர் பதியும் மேசையில் உட்கார்ந்திருந்த எர்சீலியோ சிரித்தார். “பொண்ணுக்கு நிதானமான கை” என்று நிறுத்துக் கடிகாரத்தை அவளிடம் கொடுத்து முடிவுக் கோட்டில் நிறுத்திவிட்டார். பிறகு முப்பத்தைந்து வருடம் இதே பாதையில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். எந்த வளைவில் பனி தங்கும், எந்த வளைவில் எந்தப் பிள்ளை வாந்தி எடுக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வேகமாக மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. போன மாதம் கண் மருத்துவர் இடது கண்ணைப் பார்த்து, அடுத்த வருடம் வண்டி ஓட்ட முடியுமா என்று சொல்வதற்கில்லை என்றார்.

“ஒங்க அம்மாவே வந்து சொன்னாலும் கோடு நகராது,” என்றார் எர்சீலியோ.

“எங்க அம்மா ஒன் ரொட்டியத் தின்னுதான்டா போய்ச் சேந்தா.”

ஒர்னெல்லா கிண்ணத்தையும் கோப்பையையும் கரண்டியையும் எடுத்துத் தட்டில் போட்டாள். இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“அன்னிக்கு ஒரு குளவி வந்துச்சு,” என்றாள்.

“என்ன குளவி?”

“ஒரு கையில கம்பி ஃபோன், ஒரு கையில கடிகாரம். கீழேர்ந்து கொடி இறங்கிடுச்சுன்னு சொன்னாங்க, அமுக்கினேன். குவால்தியேரோ அண்ணன் கடைசி வளைவு திரும்பும்போது மணிக்கட்டுல குளவி உக்காந்துச்சு. ஒதறினேன். பாத்தா வண்டி கோட்டைத் தாண்டிப் போயிருக்கு. அப்புறம்தான் அமுக்கினேன்.”

கீழே யாரோ புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

“எவ்வளவு தாண்டி?” என்றார் குவால்தியேரோ மெதுவாக.

“தெரியல. குளவியத்தான் பாத்துட்டிருந்தேன்.”

“நாப்பது வருஷமா இத வாய்க்குள்ளயே வச்சிருந்தியா?”

“யாரு கேட்டீங்க?”

எர்சீலியோவின் முகம் அடுப்புப் பக்கம் நின்றதுபோல் சிவந்தது. “அப்போ நான் ஜெயிக்கலயா?”

“தெரியலன்னுதானே சொல்றேன்.”

“அதே கோடு,” என்றார் குவால்தியேரோ, மேசையைத் தட்டி. “மாதா கோயில்கிட்டயே. ஒரு அடி அங்க இங்க இருக்கக் கூடாது. திரும்ப ஓட்டுவோம்.”

“அதத்தானடா நாலு வாரமா சொல்லிட்டிருக்கேன்.”

நான்கு வாரம். ஒர்னெல்லாவுக்குத் தட்டை ஜன்னல் வழியாக வீச வேண்டும்போல் இருந்தது. படிவத்தை மட்டும் நீட்டினாள்.

குவால்தியேரோ பேனாவை வாங்கிக்கொண்டு அவளை முறைத்தார். “ஒண்ணு எழுதிக்கோ. ஒர்னெல்லா இந்தத் தடவை கடிகாரத்தத் தொடக் கூடாது.”

“கிட்டயே வரக் கூடாது,” என்றார் எர்சீலியோ. நாற்பது வருடத்தில் இருவரும் வாதாடாமல் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

அவள் நிதானமான கையெழுத்தில் அதைக் குறிப்பேட்டில் எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மேல்கோட்டுகளை மாட்டிக்கொண்டு, ஒருவர் மீது ஒருவர் இடித்தபடி படியிறங்கினார்கள்.

பதினொன்று ஐம்பதுக்கு விண்ணப்பம் போனது. ஓட்டுநர் பட்டியல் மேசையிலேயே இருந்தது. முதல் வரி காலி. அதில் தன் பெயரை எழுதி, வண்டி என்ற கட்டத்தில் ஃபியட் என்று போட்டாள்.

வெளியே மாதா கோயில் முன்னால் எர்சீலியோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சாக்கட்டியால் பாதையின் குறுக்கே கோடு இழுத்துக்கொண்டிருந்தார். குவால்தியேரோ பின்னால் நின்று பார்த்தார். தலையை ஆட்டினார். செருப்பால் அதை அழித்துவிட்டு, ஒரு சாண் மேலே தள்ளிக் காட்டினார்.