பரிசலில் கோழிகள்

இந்த உலகத்தில் நேராக நிற்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதும், அவர்களில் உயிரோடு மிச்சமிருப்பவர் தாம் ஒருவர்தான் என்பதும் ஜெயராமனின் தீர்மானமான கருத்து. மற்றவர்கள் எல்லோரும் சாய்ந்துகொண்டிருக்கிறார்கள். இன்னும் விழவில்லை, அவ்வளவுதான்.

இப்படிச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. பொம்மசந்திராவில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில், கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேனை ஓட்டியே ஓய்வு பெற்றவர். கேபினுக்குப் போக ஒடுக்கமான இரும்புப் பாதை ஒன்றுதான் உண்டு. அதில் நடக்கும்போது கைப்பிடிக் கம்பியை அவர் தொட்டதே கிடையாது. "கைப்பிடி எதுக்குன்றே? மழைக்கோட்டு காயப்போட" என்பார். ஹெப்பகோடியில் அவர் குடியிருந்த தெருவில் இது பால் போடுகிறவருக்கும் தெரியும்.

ஆகவே மனைவி முத்தம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டபோது, ஜெயராமனுக்குத் துக்கத்தோடு கொஞ்சம் மானக்கேடும் சேர்ந்துகொண்டது. ஆபரேஷன் முடிந்து அவள் வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். அந்த வாக்கர் நுழையாத ஒரே இடம் குளியலறை வாசல். அங்கே மட்டும் ஜெயராமன் அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு அழைத்துப் போவார். அந்தச் சில எட்டுகளில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் தன் பாரத்தை இப்படி அவர் தோளில் இறக்கியதில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது. இதைத் தெருவில் யாரிடமும் அவர் சொல்லவில்லை.

மெயின் ரோட்டு பிசியோதெரபி சென்டரில் மமதா என்கிற பெண் முத்தம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தாள். டிவிக்கு முன்னால் தரையில், எடை பார்க்கும் மிஷின் மாதிரி ஒரு பலகை, அதை ஒட்டிக் கைப்பிடிக் கம்பி. அதன்மேல் ஏறி நின்றால் டிவியில் ஆறு ஓடும், ஆற்றில் ஒரு பரிசல், பரிசல் நிறையக் கோழிகள். நிற்பவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் பரிசலும் சாயும். ரொம்பச் சாய்ந்தால் கோழிகள் கத்திக்கொண்டே தண்ணீரில் விழும். விழவிடாமல் அவற்றை அக்கரை சேர்க்க வேண்டும். வயதானவர்கள் தடுமாறாமல் நிற்கப் பழகுவதற்கான பயிற்சி அது.

"இன்னாம்மா இது, வீடியோ கேமா?" என்றார் ஜெயராமன் முதல் நாள்.

"ஹௌது அங்கிள். பேலன்ஸுக்கு தும்பா நல்லது" என்றாள் மமதா, கன்னடம் கலந்த தமிழில்.

"லாரி லாரியா இரும்பு தூக்கினவன் நானு. எம் பொண்டாட்டி கோழி மேய்க்கணுமா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். முத்தம்மா சிரிக்கவில்லை. சாமி முன்னால் நிற்பதைப் போலப் பலகைமேல் நின்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ஜெயராமன் அவள் பின்னால், பிடிக்கத் தயாராய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, நேர்முக வர்ணனை செய்தார். "போச்சுடா, வெடக்கோழி போச்சு! நைட்டுக்குக் கொழம்பு ரெடி." முத்தம்மாவின் முதுகு விறைக்கும். இன்னும் இரண்டு கோழி விழும்.

ஒருநாள் அவள் லேசாக இடது பக்கம் அசைந்தாள். பக்கத்தில் நின்ற மமதா கையை நீட்டுவதற்குள் ஜெயராமன் பாய்ந்தார். முத்தம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பாய்ந்தவர் நிற்கவில்லை. அவளைத் தாண்டிப் போய், பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தரைக்கு வந்து சேர்ந்தார்.

"விழுந்துட்டீங்களா?" என்றாள் முத்தம்மா. தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் கோழி விழும்.

"விழல. உக்காந்தேன்."

மமதா அவரைத் தூக்கி நிறுத்தினாள். அடி எதுவும் இல்லை. "வீட்ல ஆன்ட்டிய யாரு பிடிச்சிக்கிறாங்க?"

"நான்தான். வேற யாரு?"

"ஒரு வாட்டி பலகை மேல ஏறுங்க அங்கிள்."

கேபினுக்குள் போகிற தோரணையில் ஏறினார். கம்பியைத் தொடவில்லை. பரிசல் வலது பக்கம் சாய்ந்தது. ஹூக்கில் தொங்கும் இரும்பு ஆட ஆரம்பித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது கிரேன்காரனுக்கு முதல் பாடம்: அது எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கமே கிரேனை ஓட்டி, அதன் தலைக்கு மேலே போய் நிற்க வேண்டும். ஆட்டம் அடங்கிவிடும். ஜெயராமன் வலது பக்கம் போனார். பரிசல் இன்னும் சாய்ந்தது. அவர் இன்னும் துரத்தினார். அத்தனை கோழிகளும் ஒரே கூச்சலாகத் தண்ணீருக்குள் போக, மமதா அவர் இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள்.

மறுபடி ஏறினார். இந்தத் தடவை இடது பக்கம், அதே கதை. அங்கே அவர் மேலே இருந்தார், பாரம் கீழே தொங்கியது. இங்கே ஆடுகிற பாரமே அவர்தான்.

"மிஷின லெவல் பாத்து வைக்கல நீங்க" என்றார்.

மமதா குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்ச நாளைக்கு ஆன்ட்டிய வேற யாராவது பிடிக்கட்டும் அங்கிள். ரெண்டு பேரும் சேந்து விழுந்தா, அவங்களுக்கு இன்னொரு ஆபரேஷன் தாங்காது."

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கட்டிலருகே வந்து தோளைக் கொடுத்தார். முத்தம்மா எழுந்திருக்கவில்லை.

"பக்கத்து வீட்டு விஜி வரேன்னு சொல்லியிருக்கறா."

"அவ எலெக்ட்ரானிக் சிட்டிலேர்ந்து நைட் ஷிப்ட்டு முடிச்சினு எப்ப வர்றது? அதுவரைக்கும்?"

"அடக்கிக்கினு இருப்பேன்."

"எம்மேல நம்பிக்கை இல்லியா முத்து?"

"நீங்க செவுத்தப் புடிச்சினு நடக்கறத ரொம்ப நாளா பாக்கறேன். கேட்டா பூச்சு பாக்கறேன்னு சொல்றீங்க." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பூச்சு நல்லாத்தாங்க இருக்குது."

வெயில் ஏறிய பிறகு கம்பெனி கேப் வந்து நின்றது. விஜி, கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை ஆட, கைப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு வந்தாள். முத்தம்மா அவள் தோளில் தன் பாரத்தை இறக்கினாள். இருவரும் மெல்லப் பேசிக்கொண்டே குளியலறைக்குப் போனார்கள். ஜெயராமன் வழிவிட்டு ஒதுங்கினார். ஒதுங்கிய பிறகுதான் கை சுவரில் இருப்பது தெரிந்தது. எடுத்தார். உடம்பு கொஞ்சம் சாய்ந்தது. திரும்ப வைத்தார்.

அடுத்த முறை சென்டருக்குப் போனபோது முத்தம்மாவைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து இடுப்புக்குச் சூடு கொடுத்தார்கள். டிவி முன்னால் யாரும் இல்லை. ஜெயராமன் செருப்பைக் கழற்றினார்.

"அந்தச் சத்தத்தக் கொஞ்சம் அணைக்க முடியுமாம்மா?"

மமதா சத்தத்தை அணைத்துவிட்டு, அவர் இடுப்பில் பெல்ட்டை மாட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். ஜெயராமன் இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றிக்கொண்டு பலகையில் ஏறினார்.

பரிசல் நகர்ந்தது. வலது பக்கம் சாய்ந்தது. உடம்பு முழுக்க அந்தப் பக்கம் ஓடப் பார்த்தது. அவர் விடவில்லை. ஒரு கோழி சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனது. மற்றவை இருந்தன.

"யாரும்மா அங்க நிக்கறது?" என்று திரைக்குப் பின்னாலிருந்து முத்தம்மா கேட்டாள்.

"ஒரு பேஷண்ட்டு, ஆன்ட்டி."

அக்கரை இன்னும் தூரத்தில் இருந்தது. ஜெயராமன் மூச்சை அடக்கிக்கொண்டு, மிச்சமிருந்த கோழிகளைப் பார்த்து, "ஆடாதீங்க" என்று உதட்டுக்குள் சொன்னார்.