மாப்பிள்ளை கொண்டுவந்த கிரிப்டோ ஆப்

கந்தர்வக்கோட்டையில பதினெட்டு வருசமா முந்திரி யாவாரம் பண்றேன். இந்த அழகியை ஏமாத்திட்டேன்னு ஒருத்தன் சொல்லட்டும், மீசையை எடுத்துக்கிறேன். அதுதான் எனக்கு இல்லையே!

எங்க வீட்டுக்காரர் ரத்தினவேல் பதினாலு வருசம் குவைத் வெயில்ல வெந்துட்டு ஊருக்கே வந்துட்டாரு. கம்பெனி குடுத்த பன்னெண்டு லட்சம்தான் எங்களுக்கு எல்லாம். வந்த பத்தாம் நாளு அவரு தங்கச்சி புருசன் பிரசாந்த் வந்து உக்காந்தாரு. கிரிப்டோ வாங்கி விக்கிற ஆப்பாம், ஆறு மாசத்துல ரெட்டிப்பாம்.

எங்க பக்கம் வீட்டு மாப்பிள்ளை வாயைத் தொறந்து ஒண்ணு கேட்டுட்டா மறுக்க மாட்டாங்க. கூடப்பொறந்தவ அங்கிட்டு வாழணும்ல? இவரும், "சரிங்க மாப்பிள்ளை, நாளைக்கே போட்டுருவோம்"னுட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அடுப்புல கோழி கொதிச்சதை விட நான் கொதிச்சேன்.

நான் மூட்டையோட மேல கெடக்குற கொட்டையைப் பாத்து வெலை பேசுறவ இல்லை. அடியில கைய விட்டு நாலு எடுத்து வெட்டிப் பாத்துட்டுத்தான் பேச்சே. இங்கயும் அதைத்தான் செஞ்சேன்.

"தம்பி, மொதல்ல என் காசு ரெண்டாயிரம் போடுறேன். நாளைக்கே எடுத்துருவேன்."

"எதுக்குக்கா எடுக்கணும்? கெடந்து வளரட்டும்."

"வளரட்டும். கைக்கு வருதான்னு பாக்க வேணாமா?"

மறுநாள் ரெண்டாயிரம் ரெண்டாயிரத்து அறுநூறுன்னு காட்டுச்சு. எடுக்கப் போனா, வரியா அஞ்சாயிரம் கட்டுனாத்தான் விடுவானாம். அடப்பாவிகளா! நேரா பேங்க்ல மரியசெல்வம் சார்கிட்ட போனேன். இந்த மாதிரி எக்ஸ்சேஞ்ச் எல்லாம் மத்திய அரசோட நிதிப் புலனாய்வுப் பிரிவுல பதிஞ்சிருக்கணும்னாரு. பட்டியலைத் தேடுனோம். மாப்பிள்ளை ஆப் அதுல இல்லவே இல்லை.

வந்து சொன்னதும் பிரசாந்த் தம்பி மொகம் செத்துப்போச்சு. அவரும் மூணு லட்சம் போட்டிருந்தாராம், பாவம். திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம்னு விட்டேன். ஒடனே இணைய மோசடிப் புகாருக்குன்னு இருக்குற 1930க்குப் போன் போட வச்சு, போலீஸ்ல புகார் எழுதிக் குடுக்கக் கூடவே போனேன்.

ஆனாலும் இவருக்குக் கிரிப்டோ ஆசை விடலை. பதிவான எக்ஸ்சேஞ்ச் ஒண்ணை நானே பாத்தேன். இதுலயும் மொதல்ல நூறு ரூவா போட்டு எடுத்துப் பாத்துட்டுத்தான் மேக்கொண்டுன்னேன். "பதிவு இருந்தாலும் வெலை எறங்கத்தான் செய்யும். இருபதாயிரத்துக்கு மேல ஒத்த ரூவா கெடையாது"ன்னுட்டேன். மிச்சத்தை பேங்க்ல போடச் சொன்னேன்.

அந்த எக்ஸ்சேஞ்ச்ல கணக்கு தொறக்க பேன் கார்டு கேட்டுச்சு. அவரு கார்டை எடுத்து நீட்டுனேன். வாங்கலை.

"ஒன்னோடதை எடு, அழகி."

"நீங்க சம்பாரிச்சதுங்க."

"பதினாலு வருசத்தை ஒரே வார்த்தையில தூக்கிக் குடுக்கப் பாத்தவன் நான். பேங்க்லயும் ஒம் பேருலதான் போட்டுட்டு வாரேன்."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கணக்குக்குப் போட்டோ எடுக்கணுமாம், மொகத்தை நேராக் காட்டச் சொல்லுதுன்னு போனை எனக்கு முன்னால புடிச்சாரு. தொடைச்சுக்கிட்டு, நல்லா நிமிந்து காட்டுனேன்.