துருத்திக்காரி

பருத்தி எடுப்பு முடிந்தால் போதும், எங்கள் கோரெஸ்ம் வட்டாரத்தில் எல்லாருக்கும் கல்யாணப் பைத்தியம் பிடித்துவிடும். பனி விழுவதற்குள் பிள்ளைகளுக்கு முடித்துவிட வேண்டும் என்று ஊரே ஒற்றைக்காலில் நிற்கும். கல்யாணக்காரர்களுக்குச் சந்தோஷம்தான். ஒரு வீட்டில் பாடி முடித்துத் தொண்டை ஆறுவதற்குள் அடுத்த வீட்டுக்கு ஓடுகிற எங்களைக் கேட்டால் வேறு கதை சொல்வோம். அந்த இலையுதிர் காலத்தில் மட்டும் பதினேழு வீடு. பதினேழாவது வீட்டுக்குப் போகும்போது என் உடம்பில் வலியைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை.

பெண்கள் கூட்டத்தில் கார்மோன் என்கிற துருத்திப் பெட்டியை மடியில் வைத்து வாசித்துக்கொண்டே பாடுகிறவளை எங்கள் பக்கத்தில் ஹல்பா என்போம். என் ஓர்ப்படி இந்திஸார் முப்பது வருஷமாக ஹல்பா. என் கணவர் குவாந்திக்கின் அண்ணன் மனைவி. நான் சபர்குல், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பதினெட்டு வருஷம் தோய்ரா என்கிற கைப்பறை தட்டியவள். இரண்டு பேரும் ஒரே முற்றத்தில் குடியிருக்கிறோம், ஒரே தந்தூரில் ரொட்டி சுடுகிறோம், ஒருத்தியை ஒருத்திக்கு அவ்வளவாகப் பிடிக்காது. வேலைக்கு அது ஒரு தடையாக இருந்ததில்லை.

அந்த வருஷம் ஏப்ரலில் இந்திஸாரின் இடது தோள் உறைந்துபோனது. முப்பது வருஷம் துருத்தியை இழுத்து இழுத்து மூடிய தோள். கையைத் தலைக்கு மேலே தூக்குவது இருக்கட்டும், தலைமுக்காட்டை முடிச்சுப் போடக்கூட முடியவில்லை. ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகும், பெட்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சபர், இது வெளிய தெரிஞ்சா முடிஞ்சுது. நாளைக்கே அந்தக் கீபோர்டுக்காரியக் கூப்பிட ஆரம்பிச்சுடுவாங்க. ஒரு தடவை அவ வந்துட்டா அப்புறம் நம்ம நம்பரையே அழிச்சுடுவாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும் அக்கா?"

"வாசிக்கிற கை எனக்கு நல்லாத்தான் இருக்கு. இழுக்கிறதுக்கு ஏதோ ஒரு கழுதையோட கை போதும். நீ இருக்கியே."

கழுதை என்று என்னைத்தான் சொன்னாள். அப்படித்தான் நான் துருத்திக்காரி ஆனேன். அவளுக்கு இடது பக்கம் ஒட்டி உட்காருவேன். இரண்டு பேர் மடியையும் மூடி ஒரே பெரிய சால்வை. அதற்குள் என் வலது கை பெட்டியின் இடப்பக்க வாரில் நுழைந்திருக்கும். நான் இழுப்பேன், மூடுவேன், அவள் வலது கை சால்வைக்கு வெளியே கட்டைகளில் ஓடும். யாருக்கும் சந்தேகம் வராமலிருக்க என் இடது கையில் இரண்டு கைராக் தாளக்கற்களை வைத்துத் தட்டிக்கொண்டிருப்பேன். தோய்ரா எங்களோடு வருகிற ஆட்டக்காரியிடம் போய்விட்டது. வயசாகிறது, குளிர் தாங்கவில்லை என்று சால்வைக்கு ஒரு காரணமும் சொல்லி வைத்தோம். நாற்பத்தெட்டு வயசில் எனக்குக் குளிர் தாங்காத பட்டம் கிடைத்தது அப்போதுதான்.

இழுப்பதில் என்ன இருக்கிறது என்று நீங்களும் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நாள் மாட்டுக் கொட்டகையில் பழகினோம், சத்தம் தெருவுக்குப் போகக் கூடாதே. நான் இழுத்தால் பெட்டி அலறியது, மூடினால் முனகியது. மாடு இரண்டு நாள் பால் சரியாகக் கொடுக்கவில்லை.

"பெருக்குமாறப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்காதடி. நான் எங்க மூச்சு வாங்குறேனோ அங்க நீ திருப்பணும். நான் மூச்சு வாங்குன அப்புறம் திருப்பி என்ன புண்ணியம்?"

"நீங்க எங்க வாங்குவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பதினெட்டு வருஷம் பக்கத்துல உக்காந்து என்னத்தக் கேட்ட?"

அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. உண்மையில் நான் தாளத்தைத்தான் கேட்டிருந்தேன், அவளைக் கேட்டதில்லை. மே மாதம் முழுக்கக் கொட்டகையில் கழிந்தது. கையால் இழுத்தால் தோள் போகும், முதுகால் இழுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். சன்னமான குரலுக்குச் சன்னமான காற்று. அவள் ஒரு வரியை நீட்டப் போகிறாள் என்றால் அவள் விலா முன்கூட்டியே என் முழங்கையில் இடிக்கும். எந்த விரல் எங்கே போகிறது என்பதைப் பார்த்தே அடுத்து எவ்வளவு காற்று வேண்டும் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். லஸ்கி ஆட்டம் வரும்போது துருத்தியைச் சின்னச் சின்னதாக உதற வேண்டும். அது சரியாக விழுந்துவிட்டால் கூடத்தில் இருக்கும் பெண்கள் எல்லாருடைய தோளும் தானாக ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டத்துக்கு என் கைதான் காரணம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கொஞ்ச நேரம் எந்த வலியும் தெரியாது. பாட்டு முடிந்ததும் எல்லாரும் இந்திஸாரைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், எனக்குத் தேநீர்க் கிண்ணம் நீட்டுவார்கள். எரிச்சலாக இருக்கும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பதினாறாவது வீடு முடிந்த மறுநாள் காலையில், ஹசோராஸ்ப் ஊருக்குப் போகும் வண்டியில், நான் சொல்லிவிட்டேன். "அக்கா, இந்த வீட்டோட நான் நின்னுக்கறேன். என் தோளும் போயிடும் போல இருக்கு. நீங்க வேற யாரையாவது பழக்கிக்குங்க."

இந்திஸார் கண்ணைத் திறக்கவே இல்லை. மூன்று நாளில் மூன்று வீடு, அவள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். "வேற யாரப் பழக்குறது? இன்னொருத்திக்குத் தெரிஞ்சா அது ரகசியமா?" என்றாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த குவாந்திக் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் பேசி அவர் என்றைக்கும் ஜெயித்ததில்லை.

அந்தப் பதினேழாவது வீட்டுக்காரி ஓகில்ஜான். கணவர் மத்யாகூப் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தவர், ஜூலையில் சவப்பெட்டியில் திரும்பி வந்தார். பேசி வைத்த கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று மூத்த மகனுக்கு முடித்துவிட்டார்கள். முதல் நாள் கல்யாணம் ஆட்டமில்லாமல் அமைதியாக நடந்திருந்தது. அன்று காலையில் மருமகள் சலாம் மட்டும்தான் எங்கள் வேலை. முக்காட்டுக்குள் நிற்கிற பெண்ணுக்காக ஹல்பா மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஒரு அடி பாடுவாள், பெண் ஒவ்வொருவருக்கும் குனிவாள்.

யார் யார் பெயர் என்று இந்திஸார் கேட்டாள். மத்யாகூபின் அக்கா ஷுகுர்ஜான் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். "முதல்ல ஓகில்ஜான். அப்புறம் என் தம்பி மத்யாகூப்..." அங்கேயே நின்றுவிட்டாள். "எப்படி விடறது அவன் பேர?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மற்ற பெயர்களுக்குப் போனாள்.

அவள் எழுந்து போனதும் ஓகில்ஜான் எங்கள் பக்கத்தில் வந்து குந்தினாள். இரண்டு நாளாக நின்றபடியே இருந்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"ஹல்பா அக்கா, அவரு பேர மட்டும் சொல்லிடாதீங்க. எனக்கு அடுத்தது சித்தப்பாவுக்குப் போயிடுங்க. நேத்து முழுக்க நான் அழல. பிள்ளையோட கல்யாணத்துல அழக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கறேன். அந்தப் பேரு காதுல விழுந்தா நான் விழுந்துடுவேன்."

"சொல்ல மாட்டேன்மா. நான் பாத்துக்கறேன்," என்றாள் இந்திஸார். அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னதை நான் பார்த்தேன்.

கூடத்தில் ஐம்பது பெண்கள் இருந்தார்கள். சுவரோரம் மெத்தைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் எங்கள் சால்வைக்குள் உட்கார்ந்தோம். பெண்ணை அழைத்து வந்து நடுவில் நிறுத்தினார்கள். ஓகில்ஜான் எதிரில் நின்றாள். இந்திஸார் தொடங்கினாள். மாமியாருக்கான அடி, அடுப்பை எரிய வைத்தவளுக்கு சலாம், ஓகில்ஜானுக்கு சலாம். பெண் குனிந்தாள், பெண்கள் வாழ்த்தினார்கள். நான் துருத்தியை மூடிக்கொண்டு வந்தேன்.

எல்லா அடிக்கும் மெட்டு ஒன்றுதான், மாமனாருக்கு மட்டும் வேறு. அது மேலே தொடங்கும். அதற்கு இந்திஸாரின் சுண்டுவிரல் கட்டைகளின் ஓரத்துக்குப் போகும், நான் முன்கூட்டியே துருத்தியை அகல இழுத்துக் காற்றை நிரப்பி வைக்க வேண்டும். வாசலை நிறைத்து நிற்கிறவருக்கு சலாம் என்று வரும், பிறகு அவர் பெயர். கல்யாணம் ஆன ஒவ்வொருத்தியும் அந்த மெட்டுக்குக் குனிந்தவள்தான். முதல் சுரத்திலேயே யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இந்திஸாரின் சுண்டுவிரல் ஓரத்துக்குப் போனது.

அவள் முகத்தைப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. அவள் அங்கே இல்லை. முப்பது வருஷப் பழக்கம் மாமியாருக்குப் பிறகு மாமனாருக்கு விரலைக் கொண்டுபோய்விட்டது. அவள் விலா என் முழங்கையில் இடித்தது. மூச்சு வாங்கிவிட்டாள். ஷுகுர்ஜான் சொன்ன பெயர் அவள் நாக்கில் வந்து நின்றது.

கிள்ளலாம் என்று நினைத்தேன், அதற்குள் சுரம் வந்துவிடும். துருத்தி என் கையில் இருந்தது. காற்றுக் கொடுக்காவிட்டால் பெட்டி ஊமை. ஊமையானால் கூடமே எங்களைப் பார்க்கும், ஏப்ரலிலிருந்து மூடி வைத்தது அத்தனையும் வெளியே வந்துவிடும், அடுத்த வருஷம் கீபோர்டுக்காரி வந்து உட்காருவாள். இவ்வளவையும் நான் யோசித்தேனா என்று கேட்டால் இல்லை. எதிரில் ஓகில்ஜான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் கையை அப்படியே இறுக்கி நிறுத்திவிட்டேன்.

கட்டைகள் டக் டக்கென்று வெறுமையாக அடித்தன. சத்தம் வரவில்லை. இந்திஸாரின் வாய் திறந்தபடி நின்றது, பாட்டும் வரவில்லை. பெண் பாதி குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"என்ன ஆச்சு, பெட்டி ஒடஞ்சுடுச்சா?" என்று பக்கத்திலிருந்த ஷுகுர்ஜான் சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

அவ்வளவுதான். இந்திஸாரின் இடது கை மடியில் உயிரில்லாமல் கிடந்தது. என் வலது கை வாருக்குள் இருந்தது. ஐம்பது பெண்களும் பார்த்தார்கள்.

"ஐயோ, இது யாரோட கை?" என்றாள் ஷுகுர்ஜான். யாரோ ஒருத்தி பின்னால் சிரித்தாள். இந்திஸார் என்னைக் கொன்றுவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு தன் சுண்டுவிரலைப் பார்த்தாள். அது இன்னும் அந்த ஓரக் கட்டையிலேயே இருந்தது. அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பதினெட்டு வருஷத்தில் அவள் தலைகுனிந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். எனக்கு அழுகை வந்தது.

ஓகில்ஜானும் அந்த விரலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. என்ன வர இருந்தது, எது தடுத்தது, இரண்டுமே. மெதுவாக நடந்து வந்தாள். கீழே கிடந்த சால்வையை எடுத்து எங்கள் இரண்டு பேர் மடியிலும் போர்த்தி ஓரத்தைச் செருகிவிட்டாள்.

"வாசக் கதவு தொறந்து கிடக்கு, குளுரு உள்ள வருது," என்றாள் எல்லாரையும் பார்த்து. பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றாள். "சித்தப்பாவுக்குப் பாடுங்க ஹல்பா அக்கா. பொண்ணுக்கு முதுகு வலிக்கும்."

இந்திஸாரின் விரல் கீழே இறங்கியது. நான் காற்றைக் கொடுத்தேன். சித்தப்பா, பெரியத்தை, சின்னத்தை என்று இருபத்தொரு பேருக்கும் பாடி முடித்தோம். ஒருத்தியும் எங்கள் மடியைப் பார்க்கவில்லை. அவ்வளவு பேர் சேர்ந்து பார்க்காமலிருப்பதைச் சும்மா சொல்லக் கூடாது, அது பெரிய வேலை.

கிளம்பும்போது ஓகில்ஜான் வண்டிவரை வந்தாள். ஒரு துணி நிறைய ரொட்டியைக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வசந்தத்துல இளையவனுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். ரெண்டு பேரும் வரணும். அப்ப அவரு பேரச் சொல்லுங்க. அதுக்குள்ள நான் தேறிடுவேன்னு நினைக்கறேன்."

திரும்பி வரும் வழியில் இந்திஸார் என் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வார் அறுத்துச் சிவந்திருந்த இடத்தைத் தன் ஒற்றைக் கையால் வீடுவரை தேய்த்துவிட்டுக்கொண்டே வந்தாள். நன்றி சொல்கிற வழக்கம் அவளிடம் கிடையாது, அன்றும் சொல்லவில்லை.

"நின்னுக்கறேன்னியே," என்றாள் வீட்டு வாசலில்.

"வசந்தத்துல ஒண்ணு இருக்கேக்கா. அது முடியட்டும்."

ஐம்பது பெண்கள் காக்கிற ரகசியம் எத்தனை நேரம் நிற்கும்? மதியத் தொழுகைக்குள் சந்தைக்கே தெரிந்துவிட்டது. இனி ஃபோன் வராது என்று பயந்துகொண்டிருந்தோம். வந்தது. "ஹல்பா வருவாங்களா?" என்று கேட்டவர்கள் கூடவே, "அந்தத் துருத்திக்காரியும்தானே?" என்று கேட்டார்கள்.

மார்ச்சில் மறுபடியும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தோம். இந்திஸாரின் கை சரியாகவில்லை, என் தோளும் நன்றாக இல்லை. சால்வை இல்லை. மாமியாருக்குப் பாடி முடித்ததும் இந்திஸார் விரலை நகர்த்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஓகில்ஜானைப் பார்த்தேன். அவள் பக்கத்திலிருந்த ஷுகுர்ஜானின் கையைப் பிடித்துக்கொண்டு தலையை அசைத்தாள்.

நான் துருத்தியை முழுசாக, போகிறவரைக்கும் இழுத்தேன். இந்திஸார் மேலே எடுத்தாள், வாசலை நிறைத்து நிற்கிறவருக்கு சலாம், மத்யாகூபுக்கு சலாம். புது மருமகள் குனிந்தாள். ஓகில்ஜான் அழுதாள். விழவில்லை.