பேசப் பேச இளைத்த தலைவர்

பதினாறு வயதினருக்கு வாக்குரிமை கூடாது என்று பேச எழுந்த நகரமன்றத் தலைவருக்கு எழும்போது ஐம்பத்தெட்டு வயது, உட்காரும்போது பதினாறு. ஊரின் ஒரே உயர்நிலைப்பள்ளியை இடித்து வணிக வளாகம் கட்டலாமா என்று அடுத்த மாதம் ஊரே வாக்களிக்க இருந்தது. அங்கே படிப்பவர்களுக்கு மட்டும் வாக்கு இல்லை. பார்வையாளர் வரிசையில் அட்டை பிடித்து உட்கார்ந்திருந்தவர்களில் தலைவரின் மகளும் ஒருத்தி. "விவரம் தெரியாத வயசு" என்று தலைவர் முதல்முறை சொன்னபோது அவர் நரை கறுத்தது. மாதாமாதம் கறுப்பதுதானே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். மறுமுறை சொன்னபோது தொப்பை வடிந்தது. நழுவிய கால்சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டே பொறுப்புணர்ச்சியை விளக்கினார். பிறகு ஈறில் புதுப்பல் முட்டியதில் பல்செட் கழன்று மைக்கின்மேல் விழுந்தது. தண்ணீர் கொண்டுவந்தவர் அதைத் தன் செருப்பிலேயே ஊற்றிக்கொண்டு நின்றார். முகத்தில் பரு பூத்தது, குரல் கீச்சிட்டது. தலைவர் மட்டும் கவனிக்கவில்லை. பேசும்போது எதையும் கவனிக்காதது அவருடைய நெடுநாள் பழக்கம்.

உறுப்பினர்கள் மூன்றுக்கு மூன்று என்று பிளந்து நின்றதால், தலைவர் கைதான் தீர்ப்பு. அதை உயர்த்தினார்; தொளதொளத்த சட்டைக்கை தோள்வரை சரிந்தது.

"கையை இறக்குப்பா," என்றார் மன்றச் செயலாளர், முகம் வெளிறி. "பதினாறுக்கு ஓட்டு இல்ல."

"யோவ், நான் தலைவர்யா. எனக்கு எல்லா விவரமும் தெரியும்."

"அதைத்தாம்ப்பா நானும் ஒரு மாசமா சொல்லிட்டு இருக்கேன்," என்றாள் மகள்.

எதிர்த்து நின்ற மூவரில் ஒருவரான, அடுத்துப் பேசவேண்டிய மருந்துக்கடைக்காரருக்கு வழுக்கையில் லேசாக அரித்தது. தடவிப் பார்த்தார். முளைத்திருந்தது. எழுதிவந்த பேச்சைச் சட்டைப்பையிலேயே அமுக்கிவிட்டு, ஆதரவாகக் கையைத் தூக்கினார். பதினாறுக்கும் வாக்கு என்ற தீர்மானம் நிறைவேறியது.

போன வயது திரும்பவில்லை. "வீட்டுல எப்பவும் இப்படித்தான், புதுசா என்ன," என்று தலைவரின் மனைவி அவருடைய கால்சட்டைகளைப் பிடித்துத் தைத்து, அவரை மகளின் வகுப்பிலேயே சேர்த்துவிட்டார். வாக்குப்பதிவு நாளில் தலைவர் மகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். "யாரு சொல்லிக்குடுத்து வந்தீங்க தம்பி?" என்றார் விரலில் மை வைத்தவர். மேடைக்கு மேடை தலைவர் கேட்டுவந்த கேள்விதான். காது சிவக்க உள்ளே போய், பள்ளிக்கூடம் இருக்கட்டும் என்று குத்திவிட்டு வந்தார். பள்ளி இருக்கிறது. இப்போதெல்லாம் அந்த ஊர் மேடையில் யாராவது "இந்தக் காலத்துப் பசங்களுக்கு" என்று தொடங்கினால், பக்கத்தில் இருப்பவர் பேச்சை நிறுத்தச் சொல்வதில்லை. எட்டி, பேசுபவரின் பெல்ட்டை ஒரு துளை இறுக்கிவிடுகிறார்.