அட்டையில் இல்லாத ஓசை

"வலி முதல்ல எங்க ஆரம்பிச்சதுன்னு ஒரு விரலால தொட்டுக் காட்டுங்கம்மா."

"இதோ, தொப்புளைச் சுத்தி டாக்டர். அப்புறம் மெல்ல மெல்ல இந்த வலது பக்கம் இறங்கி வந்துருச்சு."

"எப்போலேர்ந்து?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து."

"வாந்தி எடுத்தீங்களா?"

"ரெண்டு தடவை. உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் தண்ணிதான்."

"வீட்ல கூட யாரும்மா இருக்காங்க?"

"வீட்டுக்காரர் இருக்காரு, லாரி ஓட்டுறாரு. ரெண்டு பசங்க. பெரியவன் எட்டாவது, சின்னவ ரெண்டாவது."

சொல்லிவிட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். அவளுக்குக் கணவன் இல்லை. பிள்ளைகள் இல்லை. வயிற்றுவலியும் இல்லை. எல்லாம் தலையணைக்கு அடியில் இருந்த மஞ்சள் அட்டையில் அச்சடித்திருந்தது. அதில் எழுதியிருந்தபடி, கேள்வி கேட்டு முடிந்ததும் ஒருமுறை முகம் சுளிக்க வேண்டும். சுளித்தாயிற்று.

அந்த மருத்துவக் கல்லூரியின் தேர்வு அறைகளில் அவளைப் போன்றவர்களுக்கு மாதிரி நோயாளி என்று பெயர். நான்கு வருடமாக இதுதான் வேலை. ஒரு நாள் குடல்வால், ஒரு நாள் ஒற்றைத் தலைவலி, இன்னொரு நாள் சர்க்கரை. இருபத்துமூன்று நோய்கள் அவளுக்கு மனப்பாடம். ஒரு மணி அடித்தால் மாணவர் ஒருவர் உள்ளே வருவார். பத்து நிமிடம் கழித்து இன்னொரு மணி அடித்தால் போய்விடுவார். அடுத்தவருக்கு அவள் முதலிலிருந்து நோயாளியாக வேண்டும். மூலையில் நாற்காலி போட்டு ஒரு தேர்வாளர் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருப்பார்.

இன்று காலையிலிருந்து இந்த மாணவி பதினோராவது ஆள். வெள்ளைக் கோட்டு அவளுக்கு ஒரு அளவு பெரிது. கையை மடித்துவிட்டிருந்தாள், அது அவிழ்ந்து அவிழ்ந்து மணிக்கட்டை மூடிக்கொண்டே இருந்தது. பாவம், தண்ணீரில் விழுந்த பூனை மாதிரி முகம். ஆனால் வயிற்றைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். மற்ற பத்துப் பேரும் பனிக்கட்டிக் கையோடு தொட்டவர்கள்.

வயிறு பார்த்து முடிந்தது. அடுத்து நெஞ்சு. இந்த இடத்தை மாணவர்கள் கடந்து போவது ஒரு கலை. ஸ்டெதஸ்கோப்பை நான்கு இடத்தில் ஒற்றி எடுத்து, "இதய ஓசை இயல்பா இருக்கு சார்" என்று தேர்வாளர் பக்கம் திரும்பிச் சொல்லிவிடுவார்கள். வயிற்றுவலிக்காரிக்கு இதயத்தில் என்ன இருக்கப் போகிறது? அட்டையிலும் அப்படித்தான் போட்டிருந்தது: இதயம், இயல்பு.

மாணவியும் நான்கு இடத்தில் வைத்தாள். ஆனால் எடுத்ததும் திரும்பவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் எழுந்து உட்காருறீங்களா? வலிச்சா மெதுவா. அப்படியே முன்னால சாஞ்சுக்குங்க. இப்ப மூச்சை முழுசா வெளிய விட்டுட்டு, அப்படியே நிறுத்துங்க."

அவளுக்குத் திக்கென்றது. நான்கு வருடத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை. என்ன செய்வது? நோயாளி, டாக்டர் சொன்னதைச் செய்துதான் ஆக வேண்டும். மூச்சை விட்டாள். நிறுத்தினாள். மார்பெலும்பின் இடது ஓரத்தில் ஸ்டெதஸ்கோப்பின் வட்டம் அழுந்தியது. அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

"சார், ரெண்டாவது ஓசைக்கு அப்புறம் மெலிசா ஒரு ஊதுற மாதிரி சத்தம் கேக்குது. வால்வு சரியா மூடாம ரத்தம் கொஞ்சம் பின்னால கசியுதுன்னு நினைக்கிறேன்."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. கேக்குதா, கேக்கணும்னு ஆசையா?"

"கேக்குது சார்."

"நோயாளி எதுக்கு வந்திருக்காங்க?"

"வயித்துவலிக்கு சார்."

"அப்ப வயித்தைப் பாரு."

மணி அடித்தது. மாணவி ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, போகும் முன் படுக்கையின் போர்வையை இழுத்து அவள் கால்வரை மூடிவிட்டுப் போனாள்.

தேர்வாளர் தாளில் ஏதோ எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். கெட்டவர் இல்லை. மாணவர்களுக்கு நாக்கு வறண்டால் தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் கொடுப்பவர். "பாத்தீங்களாம்மா கூத்தை? குடல்வாலுக்கு வந்தவங்களுக்கு வால்வைக் கழட்டி மாட்டப் பாக்குது."

அவள் சிரிக்க முயன்றாள். "சின்னப் பொண்ணுதானே டாக்டர். பயத்துல ஏதோ…"

"பயந்து தப்புப் பண்ணினா பாதி மார்க்காவது போடலாம். தெரியலைன்னு சொன்னாலும் மன்னிக்கலாம். கேக்காததைக் கேட்டேன்னு சொல்றது வேற. அது நாளைக்கு ஆளைக் கொல்லும். இந்த அறையில பெயில். ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரட்டும், புத்தி வரும்." எழுந்து சோம்பல் முறித்தார். "பத்து நிமிஷம் இடைவேளை. போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. இன்னும் ஒரே ஒரு ஆள்தான். அது முடிஞ்சதும் தாளைக் கட்டி அனுப்பிடுவேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கால் தானாக நடந்தது.

அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமானது. ஒன்பது வயதில் காய்ச்சலுக்குப் போன இடத்தில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். அப்பாவின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து, "பயப்படாதீங்க, ஒரு கதவு கொஞ்சம் சரியா சாத்த மாட்டேங்குது, அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒருதடவை காட்டுங்க" என்றார். பிறகு கருவியின் இரண்டு முனைகளையும் அவளுடைய காதிலேயே மாட்டிவிட்டார். அவள் கேட்டாள். கதவு தட்டுவது போல இரண்டு சத்தம், அதன் பின்னால் யாரோ அலுத்துப்போய் மூச்சு விடுவது போல ஒன்று.

"உள்ள யாரோ இருக்காங்கப்பா" என்றாள்.

அன்று பிடித்த கிறுக்கு. புனலையும் ரப்பர்க் குழாயையும் சேர்த்து ஒரு கருவி செய்துகொண்டு வீட்டில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. தங்கை மூன்று மிட்டாய் கொடுத்தால்தான் நோயாளியாகப் படுப்பாள், நான்கு கொடுத்தால் செத்தும் காட்டுவாள். அப்பாவுக்குக் கூலி வேண்டாம். வேலை விட்டு வந்ததும் பாயில் நீட்டிப் படுத்து, "டாக்டரம்மா, உயிர் போகுதே" என்பார். அவள் மருந்து எழுதி முடிப்பதற்குள் குறட்டை கேட்கும். "சத்தம் வருது, பிழைச்சுக்குவாரு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவாள்.

நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதினாள். முதல் முறை பதினொரு மதிப்பெண் குறைந்தது, அடுத்த முறை நான்கு. மூன்றாம் முறைக்கு அப்பா இல்லை. மருந்துக் கடைக் கவுண்டர், ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டும் மேசை, பழைய கோப்புகள் அடுக்கும் நிலவறை என்று மருத்துவமனையைச் சுற்றியே வேலை பார்த்தாள். நீந்தத் தெரியாதவன் கரையிலேயே குடிசை போட்டுக்கொண்ட கதை. கடைசியில் கட்டிலுக்கே வந்து சேர்ந்தாள். என்ன, நிற்க ஆசைப்பட்ட பக்கம் ஒன்று, படுத்த பக்கம் வேறு.

இந்த வேலைக்குச் சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். இதயம், நுரையீரல் தொடர்பான குறை ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. பொறுப்பாளர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்: "நிஜக் குறை உள்ளவங்க இங்க வேணாம். பிள்ளைங்க குழம்பிடுவாங்க." அவள் 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டாள். போன வருடம், முழங்கால் வலிக்கு நடிக்கும் பெரியவருக்கு உண்மையிலேயே நெஞ்சில் இழுப்பு இருப்பது தெரிந்தது. நல்ல மனிதர். அன்று மாலையே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

சம்பளத்தைக்கூட வேறெங்காவது தேடிக்கொள்ளலாம். மூன்றாவது மாடியில் அவளுடைய அறையில் ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கும்போது "ஒண்ணு" என்று சொல்வாள். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. இங்கே வந்தால்தான் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர் எங்கே வலிக்கிறது, சரியாகத் தூங்கினாயா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். அட்டையில் இருக்கும் லாரிக்காரரைப் பற்றிச் சொல்லும்போது சில நாள் அவளையறியாமல் ஒன்றிரண்டு வரி கூடுதலாக வந்துவிடும். காலையில் ஒருவன் கேட்டதற்கு, "ராத்திரி வண்டின்னா வாசல்ல நின்னு ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுட்டுத்தான் போவாரு" என்றாள். அட்டையில் ஹாரன் கிடையாது.

டீ வாங்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனபோது கைபேசி அடித்தது. தங்கை.

"டாக்டரே, சாப்பிட்டியா?"

"வேலையில இருக்கேன்டி."

"ஆமா ஆமா, ஆபரேஷன் நடக்குது போல. ஏய், என் நாத்தனாருக்கு மூட்டுவலி தாங்கலையாம். உங்க காலேஜ்ல பெரிய டாக்டர்கிட்ட ஒரு டோக்கன் போட்டுத் தாயேன். அக்கா அங்கதான் முக்கியமான ஆளுன்னு வாய்விட்டுட்டேன்."

"நான் அங்க படுத்துக்கிட்டு இருக்கிற ஆளு."

"படுத்துக்கிட்டே சொல்லு, போதும்." சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான், சிரிப்பு முடிவதற்குள் வைத்துவிடுவாள்.

டீ ஆறியிருந்தது. படிக்கட்டின் கீழ்ப்படியில் அந்த மாணவி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கோட்டின் கையை மடிப்பதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். இவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள்.

"அம்மா, தேர்வு முடியறவரைக்கும் உங்ககிட்ட பேசக்கூடாது, தெரியும். ஒரே ஒரு விஷயம். இதுக்கு முன்னாடி யாராவது உங்ககிட்ட அதைச் சொல்லியிருக்காங்களா?"

இருபுறமும் ஆள் இல்லை. ஆமாம் என்று ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வந்ததோ வேறு.

"எனக்கு நேத்து மத்தியானத்துலேர்ந்து வயித்துவலி டாக்டர்."

மாணவி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"சரிம்மா. நான் மார்க்குக்காகக் கேக்கலை. அது போனது போச்சு, எங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். இது வேற. எனக்கு நிஜமாவே கேட்டுச்சு. நான் தப்பாவும் இருக்கலாம். ஆனா நீங்க ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க. தள்ளிப் போடாதீங்க. கூட்டிட்டுப் போக வீட்ல…" பாதியில் நிறுத்திக்கொண்டாள். லாரிக்காரர் அட்டையில் இருப்பவர் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "கூட யாராச்சும் இருக்காங்கல்ல?"

அவள் தலையை மட்டும் ஒரு மாதிரி ஆட்டினாள். அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். மாணவி படியேறிப் போனாள். முதுகுப் பக்கம் கோட்டில் படியின் தூசி ஒட்டியிருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை காட்டச் சொன்ன அந்தச் சத்தத்தை அவள் யாரிடமாவது காட்டி நான்கு வருடம் ஆகிறது. காட்டினால் எழுதிக் கொடுப்பார்கள். எழுதிக் கொடுத்தால் படிவத்தில் போட்ட கோடு பொய்யாகிவிடும். அதனால் அதை ஊமையாக்கி வைத்திருந்தாள். நாற்பத்தொரு வயதில், தன்னிடமிருந்தே ஒன்றை ஒளித்து வைக்க முடியும் என்று அவள் நம்பிவிட்டிருந்தாள்.

டீயைத் தொட்டியில் ஊற்றிவிட்டு அறைக்குத் திரும்பினாள். தேர்வாளர் தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் கையில் மேலாக இருந்தது பதினோராவது தாள். இரண்டு அடிக்கோடும் இங்கிருந்தே தெரிந்தன.

"வந்துட்டீங்களா? படுத்துக்குங்கம்மா. மணி அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கு."

அவள் கட்டிலில் ஏறினாள். படுக்கவில்லை. மஞ்சள் அட்டையை எடுத்து எட்டி அவருடைய மேசையில் வைத்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அதன் மேல் வைத்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"டாக்டர், அந்தப் பொண்ணு ஒண்ணும் இல்லாததைச் சொல்லலை." இதற்கு அவளிடம் எழுதி வைத்த வரி எதுவும் இல்லை. "படுத்தா சரியா கேக்காது. அதான் மத்தவங்களுக்குக் கேக்கலை."

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வெளியே வராந்தாவில் கடைசி மாணவனின் காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

அவள் முன்னால் சாய்ந்தாள். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டாள்.

"தாளைக் கட்டுறதுக்கு முன்னாடி உங்க ஸ்டெதஸ்கோப்பை எடுத்து இங்க வச்சு ஒருதடவை கேளுங்க டாக்டர்."