கல்வெட்டில் இல்லாத ஏழு வருடம்

பாலாம்பிகைக்கு அனுஷாவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். முகம் அப்படியே கணவர் இரவிச்சந்திரன். கண் மட்டும் அந்த வெள்ளைக்காரியுடையது. அவர் செத்து மூன்று கிழமை ஆகவில்லை, மொன்றியல் பியர்பொன்ட்ஸ் வீட்டு வாசலில் அந்த முகம் வந்து நின்றது.

“ஆன்ரி, அப்பாவின்ர கல்வெட்டிலை என்ர பேரும் அம்மாவின்ர பேரும் வரவேணும். வேற ஒண்டும் கேக்கேல்லை.”

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்பார்கள். நடுப்பக்கத்தில் வம்சாவளி வரும். அதில் பெயர் இருந்தால் பிள்ளை. இல்லாவிட்டால் யாரோ.

“உன்ர கொம்மா விட்டிட்டுப் போனவள். போனவளுக்கு என்னத்துக்கு இடம்?”

“போனது அப்பா. எங்கட ரொக்ஸ்பரோ வீட்டிலையிருந்து பெட்டியோட இறங்கினதை நான் யன்னலாலை பாத்தனான்.”

“வாசல்லை நிண்டு சத்தம் போடாதை. பக்கத்து வீட்டுச் சனம் பாக்குது.”

“பாக்கட்டும். அதுகளுக்குத் தமிழ் விளங்காது.”

பாலாம்பிகை கதவைச் சாத்தினாள்.

இரவிச்சந்திரன் எழுபத்தெட்டில் வந்தவர். கப்பலில் வேலை செய்து, மொன்றியல் துறைமுகத்தில் இறங்கித் திரும்பி ஏறாதவர். செலீன் என்ற அந்த வெள்ளைக்காரியைக் கலியாணம் செய்தபடியால்தான் நாட்டில் நிற்க முடிந்தது. அவர் நின்றபடியால் தம்பிமார் வந்தார்கள், மச்சான்மார் வந்தார்கள், கடைசியில் இரண்டாம் தாரமாகப் பாலாம்பிகையும் வந்தாள். ஊர்ச்சங்க விழாவில் ஆண்டுதோறும், “எங்கட ஊரிலையிருந்து மொன்றியலுக்கு முதல் வந்த மனுசன்” என்று அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். பாலாம்பிகை பட்டுச்சேலையோடு முன்வரிசையில் இருப்பாள். அந்த ஒரு சொல்லில்தான் அவள் இந்தக் குளிரையெல்லாம் பொறுத்துக் கிடந்தாள்.

அன்று பின்னேரம் மகன் மிதுசன் கணினியில் வாழ்க்கை வரலாற்றைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“அம்மா, எழுபத்தெட்டிலை வந்து, எண்பத்தெட்டிலை உங்களைக் கட்டினவர். இடையிலை பத்து வருஷம் என்ன செய்தவர் எண்டு சனம் கேக்குமே.”

“வந்தது எண்பத்தஞ்சு எண்டு போடு.”

“பொய்யெல்லே?”

“உன்ர கொப்பர் எனக்குச் சொல்லாத பொய்யே? போடு.”

செலீனை வெட்டி எறியும் அவசரத்தில் அவள் ஊர்ச்சங்கத்துச் செல்வராஜை மறந்துவிட்டாள்.

மரண அறிவித்தலில் எல்லோரையும் அழைத்திருந்ததால், முப்பத்தோராம் நாள் மண்டபத்துக்கு வந்த அனுஷாவைத் தடுக்க வழியிருக்கவில்லை. அவள் கடைசி மேசையில் போய் இருந்தாள். செல்வராஜ் நடு மேசையில், வடையைக் கடித்தபடி கல்வெட்டைப் புரட்டினார். எண்பத்துமூன்றில் வந்தவர். மிராபெல் விமான நிலையத்துக்குப் போய் அவரைக் கூட்டி வந்ததே இரவிச்சந்திரன்தான்.

“என்ன தங்கச்சி, அண்ணை எண்பத்தஞ்சிலை வந்தவர் எண்டு கிடக்கு? அப்ப நானெல்லோ முதல் ஆள்!”

மேசை சிரித்தது.

“அது அச்சுப் பிழை, அண்ணை.”

“மூண்டு இடத்திலை அதே பிழையோ? இவ்வளவு காலமும் அந்தாளுக்குத் தப்பாப் பொன்னாடை போத்திப் போட்டம். சங்கத்திலை சொல்லி இந்த முறை எனக்குப் போத்தச் சொல்லவேணும்.”

“உங்களுக்கு வெக்கமில்லையே? அவற்ரை வீட்டுச் சோபாவிலை படுத்தெழும்பின ஆள் நீங்கள்!”

“எந்த வீடு, தங்கச்சி? ஆற்ற வீடு? சொல்லுங்கோவன்.”

பாலாம்பிகை கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் போட்டாள். செலீனின் வீடு என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ஆனால் இந்த மனிதனின் தோளில் பொன்னாடை விழுவதை நினைக்க அதைவிட எரிந்தது.

“அவர் எழுபத்தெட்டிலை வந்தவர்!” என்று கத்தினாள். “அந்தா, கடைசி மேசையிலை அவற்ரை மூத்த மகள் இருக்கிறாள். இஞ்சைதான் பிறந்தவள். எண்பத்தொண்டிலை! அவளைக் கேளுங்கோ!”

எல்லாத் தலைகளும் திரும்பின. அனுஷா அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டாள். ஒரு வாய் உண்டாள். தண்ணீர் குடித்தாள்.

“எனக்கென்ன தெரியும், ஆன்ரி? நான் இந்தக் குடும்பத்திலை இல்லையே. நீங்கள் எழுதினபடி எண்பத்தஞ்சாவே இருக்கட்டும்.”

செல்வராஜ் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“பாயசத்தைக் கொண்டு வாங்கோ, தங்கச்சி.”